அரிப்பு அடங்கியது, படை அடங்கவில்லை: செந்தூல் குடும்பம் ஒன்றில் படர்தாமரை

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு, அதில் நான்கு பேர். மருமகளுக்கு 38 வயது; வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் அடுப்பங்கரையில் வேலை. கணவருக்கு செக்யூரிட்டி வேலை, 12 மணி நேர ஷிப்ட். மாமியாருக்கு 67, சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் பல வருடமாக மாத்திரை எடுக்கிறார். பையன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. நான் அந்தப் பக்கத்து மருந்தகம் ஒன்றில் பார்மசிஸ்ட். இந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காணாதபடி வயது, வேலை போன்ற சிலவற்றை மாற்றியிருக்கிறேன். வேறு ஒன்றிரண்டு வீடுகளில் பார்த்ததையும் இதோடு சேர்த்திருக்கிறேன். நோயின் போக்கையும் மருந்தையும் மாற்றவில்லை.

என் பார்வைக்கு முதலில் வந்தது தோல் அல்ல, ஒரு டியூப். அடிவரை சுருட்டிப் பிதுக்கியிருந்த அதைக் கவுண்டரில் வைத்து மருமகள் கேட்டார்:

"தம்பி, இதே மாதிரி ஒன்னு இங்க கிடைக்குமா?"

"யாருக்குக்கா?"

"மாமியாருக்கு. கால் விரல் இடுக்குல சேத்துப்புண்ணு."

"உங்களுக்கும் ஏதாச்சும் இருக்கா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பக்கத்தில் நின்ற ஆள் பணம் கட்டிவிட்டுப் போகட்டும் என்று காத்திருந்தார். "இருக்கு. ஆனா அது காட்ற எடம் இல்ல தம்பி."

டியூப்பில் இருந்த எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. மீதியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்: குளோபீட்டசோல், ஒஃப்ளாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபைன். ஒரு ஸ்டீராய்டு, பாக்டீரியாவுக்கு ஒன்று, பாக்டீரியாவோடு ஒட்டுண்ணிக்கும் ஆகும் இன்னொன்று, பூஞ்சைக்கு ஒன்று. எதுவாக இருந்தாலும் ஏதோ ஒன்று கேட்கட்டும் என்ற கணக்கில் நாலையும் ஒன்றாகக் குழைத்த கிரீம். மலேசியாவில் பதிவான மருந்தில் இருக்க வேண்டிய எம்ஏஎல் எண் அதில் இல்லை; ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இல்லை. கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர் சென்னையிலிருந்து கொண்டு வந்து கொடுத்தாராம். "அங்க எல்லாரும் இதத்தான் போடறாங்க" என்றார். அது பொய்யில்லை. இப்படிப்பட்ட கிரீம்கள் அங்கே அவ்வளவு தாராளமாகப் புழங்கியதால்தான் 2018இல் இந்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்காத கடைகள் அதற்குப் பிறகும் இருக்கத்தான் செய்கின்றன.

எங்களுடன் வேலை பார்க்கும் பெண் பார்மசிஸ்ட் அவரை உள்ளே ஆலோசனை அறைக்குக் கூட்டிப் போய்ப் பேசினார். அந்த அறையில்தான் முழுக்கதையும் வந்தது.

தைப்பூசத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடுப்பில், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், ஐம்பது காசு அளவில் ஒரு வட்டம். ஓரம் மேடாக, செதில் செதிலாக. நடுத்தோல் கிட்டத்தட்ட சாதாரணமாக. அடுப்புச் சூட்டில் நிற்கும்போது நமைச்சல் தாங்காது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் பலருக்கு அது என்னவென்று இப்போதே தெரிந்திருக்கும். படர்தாமரைதான். மலாய்க்கார அக்கம்பக்கத்தார் குராப் என்பார்கள். அந்த நிலையிலேயே வந்திருந்தால் க்ளோட்ரிமசோல் அல்லது டெர்பினாஃபைன் மட்டும் உள்ள சாதாரண கிரீம் போதும். வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும்; மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் விடாமல் போட வேண்டும். எந்தப் பார்மசியிலும் சீட்டில்லாமல் வாங்கலாம்.

அவருக்குக் கிடைத்தது அந்த நாலு மருந்து டியூப். பூசிய இரண்டாம் நாளே அரிப்பு நின்றது, சரியாகிவிட்டது என்று விட்டார். ஒரு வாரத்தில் திரும்ப வந்தது, இந்த முறை உள்ளங்கை அகலம். மறுபடி பூசினார், மறுபடி அடங்கியது. மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. இடுப்பிலிருந்து தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், கடைசியில் வலது முன்கை.

முன்கைக்கு வந்ததும்தான் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். கையை மட்டும் காட்டினார். பல வாரம் ஸ்டீராய்டு பூசிய தோலில் வட்டமும் இல்லை, மேட்டு ஓரமும் இல்லை; மங்கலான திட்டு ஒன்றுதான் இருந்தது. டாக்டர் அதைக் கரப்பான், அதாவது எக்ஸிமா, என்று எடுத்துக்கொண்டு பீட்டாமெத்தசோன் கிரீம் எழுதிக் கொடுத்தார். அதுவும் ஸ்டீராய்டு. வேறு எங்காவது இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அந்த டாக்டரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையை மட்டும் பார்த்தால் பலரும் அதையே எழுதியிருப்பார்கள். ஆனால் தோல் நோயென்று வருகிறவரிடம் "வேற எடத்துல இருக்கா? வீட்டுல வேற யாருக்காவது இருக்கா? இதுவரைக்கும் என்ன பூசினீங்க?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்க ஒரு நிமிடம் கூட ஆகாது. இந்த வீட்டில் மூன்றுக்குமே பதில் இருந்தது.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது?

படர்தாமரைப் பூஞ்சை தோலின் மேலடுக்கில் இருக்கும் கெராட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்வது. நாம் பார்க்கிற தடிப்பும் செதிலும் அரிப்பும் பெரும்பாலும் உடம்பு அதை எதிர்த்துப் போராடுவதன் அடையாளம். குளோபீட்டசோல் அந்தப் போராட்டத்தைத்தான் நிறுத்துகிறது. காவலாளிக்குத் தூக்க மாத்திரை கொடுத்தது மாதிரி: சத்தம் நின்றுவிடும், திருடன் உள்ளேதான் இருப்பான். கூடவே டெர்பினாஃபைன் இருக்கிறதே என்று கேட்கலாம். இரண்டு நாள் பூசி, ஒரு வாரம் விட்டு, மறுபடி இரண்டு நாள் பூசினால் அது பூஞ்சையைக் கொல்லாது, மருந்துக்குப் பழக்கிவிடவும் கூடும்.

இப்படி உருமாறிய படர்தாமரையை 1968இலேயே இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் விவரித்து 'டினியா இன்காக்னிட்டோ' என்று பெயர் வைத்தார்கள். மாறுவேடம் போட்ட படை என்று வைத்துக்கொள்ளலாம். அண்மைக் காலத்தில் சிக்கல் இன்னும் கூடியிருக்கிறது. தெற்காசியாவில் வேகமாகப் பரவிய ஒரு பூஞ்சை வகைக்கு 2020இல் 'டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே' என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். அதில் பல கிளைகளுக்கு டெர்பினாஃபைன் கேட்பதில்லை. பயணிகளோடு சேர்ந்து அது பல நாடுகளுக்கும் போயிருக்கிறது.

குளோபீட்டசோல் ஸ்டீராய்டுகளில் மிக வலுவான வகை. மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் போடுவதில்லை, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது. தொடை இடுக்கு, அக்குள், முகம் போன்ற மெல்லிய தோலில் அதைப் போடவே தயங்குவார்கள். இந்த அக்கா மாதக்கணக்கில் போட்டது அங்கேதான். தொடை இடுக்கில் பிரசவ வரிகள் போல ஊதா நிறக் கோடுகள் விழுந்திருந்தன. பிள்ளை பெற்றதில் வந்தது என்று நினைத்திருந்தார். அவை மருந்தில் வந்தவை.

மாமியாரின் கால்

அன்று புது கிரீம் எதுவும் விற்கவில்லை. மருமகளையும் மாமியாரையும் அரசு கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகச் சொன்னோம். பெண் டாக்டர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்கலாம் என்பது அவருக்குப் புதுச் செய்தி. குடிமக்களுக்கு அங்கே 1 ரிங்கிட்தான், மைகார்டு அடையாள அட்டையைக் கொண்டு போனால் போதும். போகிறேன் என்றார், போகவில்லை. கடையில் லீவு கிடைக்கவில்லை என்று பின்னால் சொன்னார்.

சில நாளில் மாமியாருக்குக் குளிர் நடுங்கிக் காய்ச்சல். இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கி, தோல் இழுத்துப் பளபளத்தது. சுளுக்காக இருக்கும் என்று மகன் தைலம் போட்டு நீவிவிட்டிருக்கிறார். மறுநாள் வீக்கம் மேலே ஏறவே அவசரப் பிரிவுக்குத் தூக்கிப் போனார்கள்.

அது செல்லுலைட்டிஸ்: பாக்டீரியா தோலின் ஆழத்துக்கு இறங்கிய தொற்று. உள்ளே போன வழி, விரல் இடுக்கில் ஊறி வெளுத்து வெடித்திருந்த சேற்றுப்புண். அதுவும் பூஞ்சைதான், அதற்கும் அதே டியூப்பைத்தான் பூசியிருந்தார்கள். சர்க்கரை வேறு கட்டுக்குள் இல்லை. நரம்பு வழியாகக் குளோக்சசிலின் ஏற்றினார்கள். வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து வைத்து, கோட்டைத் தாண்டுகிறதா என்று வேளைக்கு வேளை பார்த்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொற்று என்றால் தோல் சிவக்கும் என்றுதான் புத்தகங்கள் எழுதும், படமும் வெள்ளைத் தோலில்தான் இருக்கும். நம் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. கருஞ்சாம்பலாக, ஊதாவாக, சில சமயம் வெறுமனே இன்னும் கறுத்ததாகத்தான் தெரியும். மகன் சுளுக்கு என்று நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கண்ணை நம்பாமல் கையை நம்ப வேண்டும்: புறங்கையை ஒரு காலிலும் மறுகாலிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் சூட்டு வித்தியாசம் உடனே தெரியும். ஒரு காலில் மட்டும் சூடு, வலி, வீக்கம், கூடவே காய்ச்சல் என்றால் பார்மசிக்கு வருவதே வீண் அலைச்சல், நேரே ஆஸ்பத்திரிதான்.

வார்டில் பார்த்த இளம் டாக்டர் ஒருவர்தான் விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மருமகள் அப்போது வாயைத் திறந்தார். கணவருக்கும் தொடையில் இருப்பது அன்றைக்குத்தான் மருமகளுக்கே தெரிய வந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் மறைத்து வைத்துக்கொண்டு ஒரே டியூப்பைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். டியூப் சீக்கிரம் தீர்ந்துபோன மர்மம் அதுதான்.

சுரண்டிப் பார்த்தது

தோல் பிரிவுக்கு அனுப்பினார்கள். அரசு ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட், ஆனால் தேதி கிடைக்கப் பொறுமை வேண்டும். அதற்குள் பூசுவதையெல்லாம் நிறுத்தச் சொன்னார்கள். பூஞ்சை மருந்து தோலில் இருந்தால் சோதனையில் பூஞ்சை அகப்படாமல் போகலாம்.

சோதனை எளியதுதான். திட்டின் ஓரத்திலிருந்து மழுங்கிய கத்தியால் செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் எடுத்தார்கள். அதன்மேல் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டதும் தோல் செல்கள் கரைய, நுண்ணோக்கியில் நூல் நூலாகக் கிளைத்த பூஞ்சை இழைகள் தெரிந்தன. வலி இல்லை, பதில் அன்றைக்கே. வளர்ப்புச் சோதனைக்கும் கொஞ்சம் அனுப்பினார்கள். அதற்கு வாரங்கள் ஆகும். பல மாதம் இழுத்த விஷயத்துக்குத் தீர்ப்பு ஒரு கண்ணாடித் தகட்டில் கிடைத்துவிட்டது. இந்தச் சோதனை எல்லாக் கிளினிக்கிலும் இல்லாதது பெரிய குறை என்பது என் எண்ணம்.

பையனையும் பார்த்தார்கள். கன்னத்தில் வெளிறிய திட்டுகள். வயிற்றில் பூச்சி இருக்கிறது என்று பாட்டி ஏற்கனவே பூச்சி மருந்து கொடுத்திருந்தார், நம் வீடுகளில் வழக்கமான வைத்தியம். பூச்சிக்கும் அந்தத் திட்டுக்கும் சம்பந்தமில்லை. அது பிட்டிரியாசிஸ் ஆல்பா என்ற லேசான கரப்பான். ஈரப்பசை தரும் கிரீம் போட்டு வந்தால் தானாக மங்கும், பூஞ்சையே அல்ல. நல்லவேளை, அந்த டியூப்பை அவன் முகத்தில் யாரும் பூசவில்லை.

வெளிறிய திட்டு என்றதும் இன்னும் இரண்டு. முதுகிலும் கழுத்திலும் பொடிச் செதிலோடு வருவது தேமல். அதுவும் பூஞ்சைதான், ஆனால் வேறு இனம். கீட்டோகோனசோல் ஷாம்பூ போன்றவற்றுக்கே கேட்கும். ஆனால் வெளிறிய இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை, சூடு குளிர் தெரியவில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு 1930இல் திறந்த கதையோடு அந்த நோய் முடிந்துவிடவில்லை. மாத்திரையால் முழுக்கக் குணமாகும், சீக்கிரம் பார்த்தால் கை கால் ஊனமும் வராது. அப்புறம் அக்கி: உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிச்சலும் கொப்புளமும். காவி எழுதிக்கொள்பவர்கள் எழுதிக்கொள்ளட்டும், ஆனால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போய் வைரஸ் மருந்தைத் தொடங்குவதுதான் முக்கியம். புது மாத்திரை ஒன்றைத் தொடங்கிய பிறகு உடம்பில் தடிப்பு, வாயிலோ கண்ணிலோ புண், தோல் உரிவது என்று வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது.

மருந்து, அதைவிடக் கடினமான முதல் இரண்டு வாரம்

மருமகளுக்கு முதலில் டெர்பினாஃபைன் 250 மில்லிகிராம் மாத்திரை, தினமும் ஒன்று. நான்கு வாரத்துக்குப் பிறகும் பாதிதான் குறைந்திருந்தது. வளர்ப்புச் சோதனையில் டிரைக்கோஃபைட்டன் இனம் என்று வந்தது, எந்த வகை என்று பிரித்துச் சொல்லவில்லை. நிபுணர் இட்ராகோனசோலுக்கு மாற்றினார். அந்த கேப்ஸ்யூலை நன்றாகச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் உடம்பு அதைச் சரியாக ஏற்காது. இவர் வேலைக்கு ஓடும் அவசரத்தில் காலையில் வெறும் வரக்காப்பியோடு போட்டுக்கொண்டிருந்தார். அதை மதியச் சாப்பாட்டுக்குப் பின் என்று மாற்றினோம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாமியாருக்கு அதே மருந்தைக் கொடுக்கவில்லை. அவர் கொழுப்புக்கு எடுப்பது சிம்வாஸ்டாட்டின். இட்ராகோனசோலும் அதுவும் சேரவே கூடாது. சிம்வாஸ்டாட்டின் இரத்தத்தில் ஏறித் தசையைச் சிதைத்து, கிட்னி வரை கொண்டுபோய் விடும். "எனக்குக் கேட்ட மாத்திரை, உனக்கும் கேட்கும்" என்று வீட்டுக்குள் பங்கு போடுவதில் எனக்கு இருக்கும் பயம் இதுதான். அவருக்கு விரல் இடுக்குக்குக் கிரீம் மட்டும், கூடவே சர்க்கரை மருந்தில் மாற்றம்.

ஸ்டீராய்டை நிறுத்திய முதல் இரண்டு வாரம் மருமகளுக்கு நரகம். அடங்கியிருந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. திட்டுகள் தடித்தன, ராத்திரித் தூக்கம் போனது. "புது மருந்துதான் ஒத்துக்கலையா?" என்று போன் செய்தார். மருந்து ஒத்துக்கொள்ளாமல் அல்ல, தூங்கிக்கொண்டிருந்த எதிர்ப்பு எழுந்துகொண்டதால் வந்த அரிப்பு. பலர் பழைய டியூப்புக்குத் திரும்புவது சரியாக இந்த இடத்தில்தான். இவருக்கு அரிப்புக்கு மாத்திரை, குளிர்ந்த துணி ஒத்தடம், இரண்டு வாரத்தில் குறையும் என்ற உறுதி. டியூப்பை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போகச் சொன்னோம்.

பக்கத்து வீட்டம்மா கெலெங்காங் இலை கொண்டு வந்து கொடுத்தார், நம்மவர்கள் சீமை அகத்தி, வண்டுகொல்லி என்பது. அதை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். அந்த இலைச் சாற்றுக்குப் பூஞ்சையை எதிர்க்கும் தன்மை உண்டு. சின்ன வட்டத்துக்குத் தலைமுறை தலைமுறையாகப் போட்டு வருகிறார்கள். ஆனால் ஸ்டீராய்டால் மெலிந்து கிடக்கும் தொடைத் தோலில் அதைத் தேய்த்தால் எரிந்து புண்ணாகும். பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் லேபிள் இல்லாமல் விற்கும் டப்பா கிரீம்களைப் பற்றி அந்தத் தயவும் என்னிடம் இல்லை. 'முழுக்க மூலிகை' என்று விற்றவற்றில்கூட பீட்டாமெத்தசோன் இருந்ததைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. எந்தக் கிரீமும் பூசிய மறுநாளே மாயம் போல அரிப்பை நிறுத்தினால் முதலில் அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்றுதான் சந்தேகப்பட வேண்டும்.

வீட்டு வேலையும் உண்டு. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம். துண்டு, கைலி ஆளுக்கு ஒன்று. நாடா இறுகும் இடம் தினமும் மாறும்படி தளர்ந்த உடுப்பு. மழைக் காலத்தில் மாடி வீட்டில் துணி காயவே காயாது, அரை ஈரத்தில் உடுத்துவதுதான் பூஞ்சைக்கு விருந்து. ஆகவே உள்ளுடுப்புகளை மட்டுமாவது டோபி கடை டிரையரில் சூடாகக் காயவைத்தார்கள். டெட்டால், கந்தக சோப்பு என்று தேய்த்துக் குளிப்பதை நிறுத்தச் சொன்னோம். அது தோலை வறட்டி அரிப்பைத்தான் கூட்டும்.

இப்போது

மருமகளுக்கு மருந்து முடிந்து செதிலும் மேடும் போய்விட்டன. இருந்த இடங்களில் கருந்தழும்பு நிற்கிறது. அது நோய் அல்ல, நம் தோல் ஆறும்போது விட்டுப்போகும் நிறம். மங்கப் பல மாதம் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "இன்னும் போகல" என்று மறுபடி டியூப் தேட ஆரம்பித்துவிடுவார்கள். தொடையில் விழுந்த கோடுகள் போகாது, மங்கலாம் அவ்வளவே.

கணவருக்கு ஒருமுறை திரும்ப வந்தது. பெல்ட் வரியில் மட்டும். ஒரே யூனிபார்ம் பேன்டை இரண்டு மூன்று ஷிப்டுக்குப் போட்டு, வேர்வையில் ஊறிய அதே தோல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, துணிப் பெல்ட் இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துக் கட்டுகிறார்; கிரீமிலேயே அடங்கியது.

மாமியாரின் கால் ஆறிவிட்டது. இடது பெருவிரல் நகம் மட்டும் மஞ்சளாகத் தடித்து அப்படியே இருக்கிறது. பூஞ்சை அங்கே பதுங்கியிருக்கலாம். நகத்துக்கு மாதக்கணக்கில் மாத்திரை வேண்டும், அதற்கு முன் கல்லீரல் சோதனை வேண்டும், மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்றும் பார்க்க வேண்டும். சர்க்கரை இறங்கட்டும், அடுத்த சந்திப்பில் முடிவு செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை தினமும் ராத்திரி விரல் இடுக்கைத் துடைத்துப் பார்ப்பது பேரனின் வேலை. பாட்டிக்குக் குனிய முடியாது.